சொன்ன நேரத்துக்கு வராத வண்டி

வீடு மாறிய எவரிடமும் கேட்டுப் பாருங்கள், ஒரே கதைதான் சொல்வார்கள். காலை 6 மணிக்கு வருகிறேன் என்ற வண்டி 11 மணிக்கு வந்திருக்கும். நாலு பேர் ஏற்றுவார்கள் என்று பேசியிருப்பார்கள், இரண்டு பேர்தான் வந்து நின்றிருப்பார்கள். மதுரையில் பேசிய வாடகை திண்டுக்கல் தாண்டியதும் கூடியிருக்கும். "பீரோல இந்தக் கீறல் முன்னாடியே இருந்துச்சுண்ணே" என்ற பதிலையும் கேட்டிருப்பார்கள். உதவிக்கு வருகிறேன் என்று சத்தியம் செய்த மாமா பையனும் காலேஜ் நண்பனும் அன்று காலையில் போனை எடுத்திருக்க மாட்டார்கள்.

இது எல்லோருக்கும் நடப்பதுதானே, இதை ஏன் இங்கே எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உதவி காலை வாருவது எல்லோருக்கும் நடக்கிறது. அதற்குக் கொடுக்கிற விலைதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்த வித்தியாசத்துக்குள் சாதி உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

கிராமத்தைப் போற்றிப் பாடுவதை 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கடுமையாக மறுத்தார். அந்தப் பேச்சை நாம் மேடைகளில் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்கிறோம். ஆனால் கிராமத்தை விட்டு வெளியேறுவது என்பது நடைமுறையில் ஒரு வண்டி வாடகையில் தொடங்குகிறது. உசிலம்பட்டி, பேரையூர், மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துக் காலனிகளிலிருந்து நம் பிள்ளைகள் ஓசூருக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்குகிறார்கள், முதல் தலைமுறையாக வாடகை வீடு பிடிக்கிறார்கள். வீடு மாற்றுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க அவர்கள் வீட்டில் யாரும் இல்லை.

ஒரு பயணத்தில் உதவி தவறிப்போனால் என்ன ஆகும் என்பதை அம்பேத்கரே எழுதி வைத்திருக்கிறார். 'வெய்ட்டிங் ஃபார் எ விசா' என்ற அவருடைய தன்வரலாற்றுக் குறிப்புகளில் 1901ஆம் ஆண்டுச் சம்பவம் ஒன்று வருகிறது. கோரேகானில் வேலை பார்த்த தந்தையைப் பார்க்க, சகோதரரோடும் சகோதரியின் மகன்களோடும் சாத்தாராவிலிருந்து ரயிலில் கிளம்பி மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார். வருகிறோம் என்று முன்கூட்டியே கடிதம் போட்டாகிவிட்டது. ஆனால் தந்தையின் பணியாள் அந்தக் கடிதத்தை அவர் கையில் சேர்க்கவில்லை. அழைத்துப் போக யாரும் வரவில்லை.

இதுவரை பார்த்தால் இது சாதாரண மறதி. எந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் நடக்கலாம். அடுத்து நடந்ததைப் பாருங்கள். மகர் சாதிப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஒரு மாட்டுவண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ளத் தயாராக இல்லை. கடைசியில் இரட்டை வாடகை தருவது என்று பேசி முடிகிறது. பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூட நடந்து வருவார். பணம் இரண்டு மடங்கு, வேலை பாதி. இரவில் சுங்கச்சாவடியில் தங்குகிறார்கள். முஸ்லிம் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டும் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. கையில் சாப்பாடு இருந்தும் தண்ணீர் இல்லாததால் சாப்பிடாமலே படுக்கிறார்கள். ஒரு பணியாளின் மறதி வேறு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரத் தாமதமாக முடிந்திருக்கும். இவர்களுக்கு அது ஓர் இரவு முழுவதும் தாகமாக முடிந்தது.

அதே நூலில் 1929ஆம் ஆண்டுச் சம்பவம் ஒன்றும் இருக்கிறது. அப்போது அவர் பாரிஸ்டர், அரசு அமைத்த குழு ஒன்றின் உறுப்பினர். சாலிஸ்கானில் ரயில் இறங்கிய அவரை மகர்வாடாவுக்கு அழைத்துப் போக வந்தவர்கள் குதிரைவண்டி பேசுகிறார்கள். தீண்டத்தகாதவரை வைத்து ஓட்டுவது கௌரவக் குறைவு என்று வண்டிக்காரர் மறுக்கிறார். வண்டியை மட்டும் வாடகைக்குத் தருகிறார். விருந்தினரை நடக்க விடக் கூடாது என்ற அன்பில், வண்டி ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவரே ஓட்டுகிறார். வழியில் ஒரு சிறு பாலத்தில் வண்டி இடறி, அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்படுகிறார். கால் எலும்பு முறிகிறது.

இந்த இரண்டு சம்பவங்களிலும் உதவி மூன்று விதமாகத் தவறுகிறது. ஒன்று மறதி. இன்னொன்று சாதி பார்த்து மறுப்பது, அல்லது அதையே காரணமாக்கிக் கூடுதல் பணம் பிடுங்குவது. மூன்றாவது, அன்பு இருந்தும் வேலை தெரியாமல் போவது. இன்றைக்கு நாம் வீடு மாறும்போதும் இந்த மூன்றுமே வருகின்றன. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

முதலில் விலையைப் பார்ப்போம். எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி, ஒப்பந்த நர்ஸ், அம்மாவோடும் குழந்தையோடும் வில்லாபுரத்திலிருந்து ஓசூருக்கு மாறினார். பேசிய வாடகை 18,000 ரூபாய். எல்லாம் வாய்ப்பேச்சு. கரூர் தாண்டி வண்டியை ஓரம் கட்டிவிட்டு, சாமான் அதிகம், டோல் தனி, இறக்கு கூலி தனி என்று இன்னும் 7,000 கேட்டார்கள். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும், சாமான் அவர்கள் கையில் இருக்கிறது. வாரவட்டிக்கு வாங்கி அனுப்பினார். சொன்ன வாடகையோடு முடியவில்லை, வட்டி பல மாதம் ஓடியது.

இதே நிலைமை ஆதிக்க சாதி வீட்டுப் பையன் ஒருவனுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கரூரில் அவன் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் இருப்பார். சங்கத்தில் ஒருவர், ஸ்டேஷனில் ஒருவர், லாரி ஆபீஸில் ஒருவர் இருப்பார்கள். ஒரு போன் போதும். இதைத்தான் சமூகவியலில் சமூக மூலதனம் என்று படிக்கிறோம். புத்தகத்தில் அது உறவு, நம்பிக்கை, வலைப்பின்னல் என்று அழகாக இருக்கும். நம் ஊரில் அந்த வலைப்பின்னலுக்குப் பெயர் சாதி. அவர்களுக்கு வண்டிக்காரர் நேர்மையாக இருப்பதற்குக் காரணம், ஏமாற்றினால் கேட்க ஆள் இருக்கிறது என்ற பயம். நமக்குக் கேட்க ஆள் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

அப்படியென்றால் நாமும் அதேபோல் ஒரு போன் வலையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று சிலர் சொல்கிறார்கள். அவசரத்துக்கு அது தேவைதான். ஆனால் அதையே தீர்வாக நினைத்தால், ஆள் பலம் உள்ளவனுக்கே நியாயம் என்ற விளையாட்டை நாமும் ஆடுகிறோம் என்றாகிவிடும். அந்த விளையாட்டில் நாம் எப்போதும் தோற்பவர்கள். நமக்கு வேண்டியது ஆள் கேட்காமலே நிற்கிற காகிதம். அதற்கு முன், உதவி ஏன் தவறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நீங்கள் இணையத்தில் தேடி ஒரு நம்பருக்குப் போன் செய்கிறீர்கள். எடுப்பவர் பெரும்பாலும் ஏஜெண்ட். அவரிடம் வண்டி கிடையாது. கமிஷன் எடுத்துக்கொண்டு ஒரு வண்டி ஓனரிடம் தள்ளிவிடுவார். ஓனர் ஒரு டிரைவரை அனுப்புவார். டிரைவர் அன்று காலையில் ஸ்டாண்டில் கிடைக்கிற லோடுமேன்களைக் கூட்டி வருவார். இறக்குகிற ஊரில் இறக்குபவர்கள் வேறு ஆட்கள். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் பணம் கழிந்துவிடுகிறது, பொறுப்பு யாரிடமும் தங்குவதில்லை. ரிட்டர்ன் லோடு வண்டி என்றால் வாடகை குறையும், ஆனால் அந்த வண்டி இங்கே எப்போது காலியாகிறதோ அப்போதுதான் வரும். பலருடைய சாமானைச் சேர்த்து ஏற்றுகிற வண்டி என்றால் நடுவில் ஒரு குடோனில் இறக்கி மாற்றுவார்கள். மிக்சி தொலைவதும் கட்டில் கால் உடைவதும் பெரும்பாலும் அங்கேதான்.

இன்னொரு காரணம் பஞ்சாங்கம். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாறுவதில்லை. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஒரு முகூர்த்த நாள் வந்தால் ஊரே ஒன்றாகக் கிளம்புகிறது. எல்லோருக்கும் அதே காலை 6 மணி வேண்டும். இருக்கிற குட்டியானைகளும் இருக்கிற லோடுமேன்களும் அதே அளவுதான். ஒரு வீட்டை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறவர் உங்களிடம் 11 மணிக்கு வருவதில் ஆச்சரியம் என்ன? நல்ல நேரம் பார்க்காத நாம் இதில் லாபம் அடையலாம். ஆடி மாதம், வாரத்தின் நடுவில் ஒரு புதன்கிழமை, மாதக் கடைசியைத் தவிர்த்து ஒரு தேதி. வாடகையும் இறங்கும், ஆளும் முழுதாக வரும். ஆடியில் காய்ச்சினால் பால் திரிந்துவிடாது. ஆனால் மதுரைக்காரர்கள் சித்திரைத் திருவிழாவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் எந்த வண்டியும் எந்தத் தெருவுக்கும் வர முடியாது.

இப்போது லோடுமேன். உதவி தவறும்போது நம் கோபம் முதலில் பாய்வது அவர் மேல்தான். ஏஜெண்ட் கண்ணுக்குத் தெரியமாட்டார், ஓனர் போனை எடுக்கமாட்டார். எதிரில் நிற்பவர் இவர் ஒருவர்தான். அவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் நம் காலனிக்காரர், அல்லது நம் காலனிக்காரர் மாதிரியே காணி நிலம் இல்லாதவர். மாடிப்படியில் பீரோவை முதுகில் தூக்கி இறக்குகிறார். இடுப்பு பிடித்துக்கொண்டால் அடுத்த நாள் சோறு இல்லை. நீங்கள் ஏஜெண்டுக்குக் கொடுத்த தொகையில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. பல நேரம் அவருக்கும் தெரியாது. கடைசியில் "அக்கா, டீக்குப் போட்டுக் குடுங்க" என்று அவர் தலையைச் சொறிவதை நாம் பேராசை என்கிறோம். பேசிய கூலி அவரிடம் போய்ச் சேரவில்லை என்பதற்கான அறிகுறி அது.

படித்து வேலைக்குப் போன நம் வீடுகளிலேயே லோடுமேனை வா, போ என்று ஒருமையில் கூப்பிடுவதைப் பார்க்கிறேன். தண்ணீர் கேட்டால் தனியாக ஒரு பிளாஸ்டிக் கப் தேடுவதையும் பார்த்திருக்கிறேன். சுங்கச்சாவடியில் தண்ணீர் கிடைக்காத அந்தச் சிறுவனின் படத்தைப் பழைய சேலையில் சுற்றிப் பத்திரமாக ஏற்றச் சொல்லிவிட்டு, ஏற்றுகிறவருக்குச் சில்வர் டம்ளர் கொடுக்க மனம் வராவிட்டால், நாம் எதைத்தான் ஏற்றிக்கொண்டு போகிறோம்?

சுமைப்பணி ஒழுங்குபடாத இடத்தில் உதவியும் ஒழுங்காக வராது. மகாராஷ்டிரத்தில் 1969ஆம் ஆண்டின் மாதாடி தொழிலாளர் சட்டமும், கேரளத்தில் 1978ஆம் ஆண்டின் சுமைத் தொழிலாளர் சட்டமும் தொழிலாளியைப் பதிவு செய்து, கூலியை வாரியம் வழியாகத் தருகிற முறையைக் கொண்டுவந்தன. கேரளத்தில் வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே கூலி கேட்கும் நோக்குகூலி என்ற தொல்லையும் வளர்ந்தது. 2018 மே 1 முதல் அரசு அதற்குத் தடை விதித்தது. குறை இருந்தாலும் அங்கே ஒரு ரேட் உண்டு, ஒரு பதிவேடு உண்டு, கேட்க ஓர் இடம் உண்டு. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் அதன் கீழ் நல வாரியமும் இருக்கின்றன. உங்கள் தெரு ஸ்டாண்டில் நிற்கும் அண்ணன்களில் எத்தனை பேரிடம் வாரிய அட்டை இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இல்லாதவருக்குப் பதிவு செய்துகொடுங்கள். ஒரு மாணவர் அமைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்யக்கூடிய வேலை இது.

இனி காகிதத்துக்கு வருவோம். சரக்குப் போக்குவரத்துக்கு 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டம் இருக்கிறது. சரக்கை ஒப்படைக்கிறவர் பொருள் விவரமும் மதிப்பும் எழுதிய படிவம் தர வேண்டும், ஏற்றுக்கொள்கிற நிறுவனம் ரசீது தர வேண்டும். பொருள் தொலைந்தாலோ சேதமானாலோ நிறுவனத்தின் கவனக்குறைவை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். தனியாகக் கூடுதல் கட்டணம் கட்டிப் பொறுப்பை உயர்த்திக்கொள்ளாவிட்டால், நஷ்டஈட்டின் உச்சவரம்பு பொதுவாகக் கட்டிய சரக்குக் கட்டணத்தின் 10 மடங்கு, அதுவும் நீங்கள் எழுதிக்கொடுத்த மதிப்பைத் தாண்டாது. "பில் வேணாம்னா ஆயிரம் கொறச்சுக்கிறேண்ணே" என்பதன் அர்த்தம் இப்போது புரிகிறதா? அந்த ஆயிரத்துக்கு நீங்கள் விற்பது உங்கள் வழக்கை. அடுத்தது, பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். நோட்டீஸ் இல்லாமல் அந்தச் சட்டத்தில் வழக்கு நிற்காது.

வழியில் நிறுத்திப் பணம் பிடுங்கினால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உதவும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாறிப்போன ஊரிலேயே, நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், மதுரைக்கு அலைய வேண்டாம். சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. இவ்வளவுக்கும் அடிப்படை நீங்கள் கையில் வைத்திருக்கும் எழுத்து. மொத்தத் தொகை, அதில் டோல், டிரைவர் பேட்டா, ஏற்று கூலி, இறக்கு கூலி, மாடி கூலி அடக்கமா இல்லையா, வண்டி எண், தேதி, நேரம் இவை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வந்த பிறகுதான் அட்வான்ஸ். அட்வான்ஸ் கால் பங்கைத் தாண்டக் கூடாது, மீதி இறக்கிய பிறகு. ஏற்றும் முன் ஒவ்வொரு பொருளையும் போட்டோ எடுத்து, எண் போட்ட பட்டியலில் டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

சாமான் குறைவென்றால் வண்டியே வேண்டாம். பைக்கையும் புத்தகப் பெட்டிகளையும் மதுரை ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் பதிவு செய்து ரயிலில் அனுப்பலாம். பைக்கில் பெட்ரோலைக் காலி செய்ய வேண்டும், ஆர்சி நகல் வேண்டும். எடை பார்த்துக் கட்டணம், கையில் ரசீது. சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பட்டா, ரேஷன் அட்டை, ஆதார் ஆகியவற்றை எந்த வண்டியிலும் ஏற்றாதீர்கள். உங்கள் தோள்பையில் இருக்கட்டும். மாநிலம் தாண்டுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் இன்னொரு மாநில அரசு வேலையில் இடஒதுக்கீடு கோர முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெங்களூரில் குடியேறினாலும் நம் சான்றிதழ் தமிழ்நாட்டுச் சான்றிதழ்தான். தொலைந்தால் திரும்ப இங்கேதான் வந்து நிற்க வேண்டும்.

கடைசியாக, வண்டி போய்ச் சேருகிற வாசல். அம்பேத்கர் படம் இறங்குவதைப் பார்த்ததும் "எங்க சொந்தக்காரங்களே வர்றாங்க, வேற வீடு பாத்துக்கங்க" என்று முகம் மாறுகிற ஓனர்களை நம்மில் பலர் சந்தித்திருக்கிறோம். தீண்டாமையின் பேரில் ஒருவர் ஒரு பகுதியில் குடியிருப்பதைத் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி குற்றம். புகார் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் அன்று இரவு பீரோவை எங்கே இறக்குவது? ஆகவே வண்டி பேசும் முன்பே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகியிருக்க வேண்டும். 2019 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் எழுத்தில் ஒப்பந்தம் போடுவது சட்டப்படி கட்டாயம். "சொந்தக்காரங்க மாதிரி பழகலாம், அக்ரிமெண்ட் எதுக்கு?" என்கிற ஓனரிடம் சிரித்துக்கொண்டே பேப்பரை நீட்டுங்கள்.

நம் தோழர்கள் உதவக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சாலிஸ்கானில் வண்டி ஓட்டியவரிடம் அன்பு இருந்தது, பழக்கம் இல்லை. நண்பர்களிடம் தெரிந்த வேலையைக் கேளுங்கள். ஒருவர் பட்டியல் எழுதட்டும், ஒருவர் புத்தகங்களைக் கட்டட்டும், போய்ச் சேருகிற ஊரில் இருக்கும் ஒருவர் இறக்கும் நேரத்தில் வாசலில் நிற்கட்டும். பீரோவையும் ஃபிரிட்ஜையும் தூக்கத் தெரிந்த அண்ணன்களுக்குக் கூலி பேசி, அதை அவர்கள் கையிலேயே கொடுங்கள். விடுதியிலும் வாசகர் வட்டத்திலும் ஒரு நோட்டு வையுங்கள். எந்த ஊருக்கு, எந்த வண்டி, எவ்வளவு பேசினார்கள், எவ்வளவு வாங்கினார்கள், நேரத்துக்கு வந்தார்களா என்று வீடு மாறிய ஒவ்வொருவரும் அதில் எழுதட்டும். அடுத்து கிளம்புகிற பிள்ளைக்குக் கேட்க ஆள் இல்லை என்ற நிலை அந்த நோட்டிலிருந்து மாறத் தொடங்கும்.

யாருடைய தயவும் இல்லாமல் ஒரு கட்டில் மதுரையிலிருந்து ஓசூர் போய்ச் சேர வேண்டும். பேசிய கூலி அதைத் தூக்கியவர் கைக்கு முழுதாகப் போக வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். அந்த இரண்டும் ஒன்றாக நடந்தால்தான் நாம் ஊரை விட்டு வந்ததற்கு அர்த்தம் இருக்கும்.

ஜெய்பீம்.